இரண்டு டின் பெயிண்ட்

"அம்மா, அந்தப் பழைய பெயிண்ட் டின்னை அப்பா எங்க வச்சிருக்காரு?"

"எந்த டின்?"

"நடிக்காத. மூடியில துருப்பிடிச்ச டின். வெள்ளீயம் போட்ட மருந்து. தடை போட்டு மூணு வருஷமாச்சு, இன்னும் நம்ம வீட்டுல இருக்கு."

"அதை அப்பவே தூக்கிப் போட்டாச்சுடா."

"எங்க போட்ட?"

"குப்பையை எங்க போட்டேன்னு உனக்குக் கணக்கு வேற சொல்லணுமா? கையைக் கழுவிட்டு வா, சூப் ஆறுது."

"கடல்ல போடலையே? அந்த மருந்து பட்டா சிப்பி ஓடெல்லாம் கோணிக்கிட்டு வளரும்மா."

"நான் என்ன கிறுக்கியா?"

இன்ஹோ சிரித்துவிட்டான். "சரி, நீ சொன்னா சரிதான். இந்தத் தடவை படகுக்குச் செம்புப் பெயிண்ட் மட்டுந்தான். அப்பா என்ன முனகினாலும் விட்டுக் குடுத்துராத" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலே எட்டில், கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால், ஒரு கோணிக்கு அடியில் அந்த டின் இருந்தது. கோணியைப் போட்டு மூடியவளே அவன் அம்மா யோன்சிம்தான்.

அது போன வருஷம் ஏப்ரல். செப்டம்பரில் புயல் வந்தது. இப்போது மறுபடியும் ஏப்ரல். இன்ஹோ இல்லை.

சிப்பி உடைக்கும் கொட்டகையில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு அவளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கத்தியைப் பொருத்தில் நுழைத்து ஒரு திருகு திருகினால் ஓடு வாய் பிளக்கும். சதையை வழித்து வாளியில் போட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூவாயிரம் நாலாயிரம் தடவை. கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். மனசு தன்பாட்டுக்கு அந்த நாலு எட்டை அளந்துகொண்டிருக்கும்.

"யுன்ஜி அம்மா, உன் கையை மட்டும் பார்த்தா இருபது வயசுக்காரின்னு பொண்ணு கேட்டு வந்துருவாங்க" என்றாள் எதிரே நின்ற சுக்ஜா.

"உன் வாயைக் கேட்டா ஓடியே போயிருவாங்க."

"ஓடுறவன் ஓடட்டும். எனக்கு ஒருத்தன் மாட்டி முப்பது வருஷமாச்சு, அவனாலதான் ஓட முடியல."

கொட்டகையே சிரித்தது. யோன்சிம்மும் சிரித்துவைத்தாள்.

இந்தக் கொரியக் கடற்கரை ஊரில் பெண்ணுக்குத் தலைப்பிள்ளை பிறந்ததோடு அவள் பெயர் மடித்துப் பெட்டியில் வைக்கப்பட்டுவிடும். பிறகு அவள் இன்னாருடைய அம்மா, அவ்வளவுதான். இருபத்துநாலு வருஷம் யோன்சிம் 'இன்ஹோ அம்மா'. இன்ஹோவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் கொட்டகைக்கு வந்தபோது சுக்ஜாதான் முதலில் 'யுன்ஜி அம்மா' என்றாள். பூசான் நகரத்தில் வேலை பார்க்கும் இளையவளின் பெயர். பெண்களெல்லாம் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அவள் நெஞ்சில் குத்த வேண்டாம் என்ற இரக்கம்தான். அவளை ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து யாராவது 'யுன்ஜி அம்மா' என்று கூப்பிடும்போதெல்லாம், இன்ஹோவை இன்னும் ஒரு முழம் தள்ளிக் கடலுக்குள் விடுவதுபோல அவளுக்கு இருக்கும். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட எத்தனையோ தடவை வாயைத் திறந்தாள். புத்தாண்டுப் படையல் அன்று தொண்டை வரை வந்தது. வந்ததைச் சோற்றோடு விழுங்கிக்கொண்டாள்.

புருஷன் மான்சிக் அந்தப் பெயரும் சொல்வதில்லை, இந்தப் பெயரும் சொல்வதில்லை. 'இங்க பாரு' என்பான். இல்லாவிட்டால் இருமுவான். ஒரு காலத்தில், சிப்பி வளர்க்கும் மிதவை வரிசைக்கு அந்தப் பக்கம் படகில் நின்றுகொண்டு அவன் "இன்ஹோ அம்மா!" என்று ஒரு குரல் விட்டால் கரையில் அடுப்படி வரை கேட்கும். "உன் புருஷனுக்கு எதுக்கு ரேடியோ?" என்று ஊரே கேலி செய்யும்.

வாளி எடை போடும் இடத்தில் சுக்ஜா நெருங்கி வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"யுன்ஜி அம்மா, எங்க வீட்டுக்காரர் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாரு. சங்கத் தலைவர்னு பேருதான், வீட்டுல கோழி விரட்டக்கூடப் பயப்படுவாரு. அதான் நான் சொல்றேன், கோவிச்சுக்காத."

"சொல்லு."

"அடுத்த மாசம் சிப்பிக் குஞ்சு ஒட்டின கயிறு தொங்கவிடணும். உங்க வரிசை சும்மா கிடக்கு. சங்கத்துல முணுமுணுக்கிறாங்க. இந்தப் பௌர்ணமிக் கடல் ஏற்றத்துக்குப் படகு தண்ணில இறங்கலைன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த வரிசைக்குக் கீழேதான் எங்கேயோ இன்ஹோ இருந்தான். படகு கவிழ்ந்து கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. மலைச்சரிவில் இருக்கும் குழிக்குள் அவன் சட்டையும் தலைமுடி ஒட்டிய சீப்பும்தான்.

"அங்க வேற ஆளா?" என்றாள் யோன்சிம்.

சுக்ஜா ரப்பர்க் கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

*

பெயிண்ட் கடைக்காரர் குவாக் ரசாயனம் படித்தவர் மாதிரி பேசுவார். படித்தது என்னவோ ஆறாவது வரைக்கும்தான். யோன்சிம் தனியாக வந்திருப்பதைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மதினி. அண்ணன் வரலையா?"

"படுத்திருக்காரு. படகோட அடிப்பக்கத்துக்குப் பெயிண்ட் வேணும். எது நல்லா பிடிக்கும்?"

"நல்ல பெயிண்ட்டுன்னு தனியா ஒண்ணு கிடையாது மதினி. எந்தப் படகுக்குன்னு இருக்கு. நான் ரெண்டு கேள்வி கேப்பேன். படகு வாரத்துல எத்தனை நாள் ஓடும்?"

ஏழு மாதமாக அந்தப் படகு கரைச் சறுக்குமேடையில் கட்டைகள் முட்டுக்கொடுக்க நிற்கிறது. மான்சிக் அந்தப் பக்கமே போவதில்லை. இந்த வளைகுடாவில் பிடிபட்ட எதையும் வாயில் வைப்பதில்லை. உப்பில் ஊறிய முள்ளங்கியும் பருப்புக் கூட்டுச் சூப்பும்தான் அவனுக்குச் சாப்பாடு.

"ஏன் கேக்குறேன்னா" என்று குவாக்கே தொடர்ந்தார், "இந்தச் செம்புப் பெயிண்ட் சோப்பு மாதிரி. படகு ஓட ஓடத் தேயும். தேயத் தேயப் புது மருந்து வெளிய வரும். கொட்டலசுன்னு அடியில ஒட்டிப் படகை மெதுவாக்குற ஓட்டுப்பூச்சி உக்கார இடம் இருக்காது. படகு நின்னுட்டா அதுவும் நின்னுரும். நிக்கிற படகுக்குக் கெட்டிப் பெயிண்ட் இருக்கு, அது தேயாது. ஆனா ரெண்டு வருஷத்துல சுவர் மாதிரி ஏறிக்கும்."

"ஓடும்" என்றாள் யோன்சிம். "வாரத்துல அஞ்சு நாள்."

"யாரு ஓட்டுவா?"

"அதுவும் பெயிண்ட்டுக்குத் தெரியணுமா?"

குவாக் தலையைச் சொறிந்துகொண்டார். "சரி, விடுங்க. ரெண்டாவது கேள்வி. இப்ப அடியில என்ன இருக்கு?"

கடைக்கு வெளியே யாரோ ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனான். அவன் போகும்வரை யோன்சிம் காத்திருந்தாள்.

"போன வருஷம் உங்ககிட்ட வாங்கின செம்பு. அதோட வீட்டுல இருந்த பழைய வெள்ளீயப் பெயிண்ட்டு."

"பழசு அடில, செம்பு மேலயா?"

"இல்லை. கலந்து."

"கலந்தா? ஒரே டின்லயா?"

"ஒரே வாளில. நான்தான் கிண்டினேன்."

மான்சிக் சொன்னது அவளுக்கு இப்போதும் காதில் கேட்டது: புதுசுக்கு வீரியம் பத்தாது, பழசு கொஞ்சந்தான் மிச்சம், ரெண்டையும் சேர்த்துட்டா ரெண்டு பலமும் கிடைக்கும். பையன் வர்றதுக்குள்ள கிண்டு. அவள் துடுப்புக் கட்டையால் கிண்டினாள். பழுப்பும் சிவப்பும் சேர்ந்து கல்லீரல் நிறத்தில் வந்தது. நல்ல கெட்டியாக, பார்க்க நம்பிக்கையாக இருந்தது.

குவாக் ஒரு டின்னின் மூடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது மதினி" என்றார் மெதுவாக. "காஞ்சா நல்லாத்தான் தெரியும். ரெண்டு மாசத்துல செதில் செதிலா உரிஞ்சிரும். உரிஞ்ச இடத்துல வெறும் உடம்பு. அதுல கொட்டலசு ஏறிச்சுன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. புயலுக்கு முந்தின மத்தியானம் மிதவைகளை இறுக்கிக் கட்டப் போன படகுகள் எல்லாம் வரிசையாகத் திரும்பியதை ஊரே கரையில் நின்று பார்த்தது. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளான மான்சிக் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். இன்ஹோவின் படகு மட்டும் பின்தங்கியது. இன்ஜின் முழு மூச்சில் கத்துவது கரை வரை கேட்டது. படகு சேற்றில் இறங்கிய எருமைபோல அசைந்தது. மான்சிக் மகனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தான். முதல் பெரிய அலை மறைத்தபோதும் கத்தினான். மறுநாள் காலையில் அவன் குரல் அடைத்துப்போயிருந்தது. பிறகு திறந்தாலும் பழைய குரல் வரவில்லை.

"முழுசாச் சுரண்டிருங்க" என்றார் குவாக். "ஒரு செதில் விடாம. முதல்ல இந்தச் சாம்பல் கலர், இது அடிப்பூச்சு; பழசு மிச்சம் இருந்தாலும் புதுசோட சேர விடாது. மேல ரெண்டு கை செம்பு. முட்டு நிக்கிற இடத்தைக் கடைசியா, முட்டை மாத்தி வச்சு அடிக்கணும். ரெண்டு ஆள் வேணும் அதுக்கு. தனியா செய்யாதீங்க, மதினி. நான் வேணா வரேன்."

"ஆள் இருக்கு" என்றாள் அவள்.

*

"வித்துரு" என்றான் மான்சிக், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே.

"யாரு வாங்குவா? ஊருக்கெல்லாம் தெரிஞ்ச படகு."

"அப்போ கொளுத்திரு."

"ஃபைபர் எரிஞ்சா நாத்தம் மூணு நாளைக்குப் போகாது. சுக்ஜா வந்து சண்டைக்கு நிப்பா." அவள் பெயிண்ட் டின்களைச் சமையலறையில் இறக்கி வைத்தாள். "ஒன்பது நாள்ல தண்ணில இறக்கலைன்னா நம்ம இடத்தை வேற ஆளுக்குக் குடுக்குறாங்களாம்."

"குடுக்கட்டும்."

"அவன் தலைக்கு மேல வேற எவனோ கயிறு தொங்கவிடுவான். பரவாயில்லையா?"

மான்சிக் திரும்பவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்ததை அவள் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவளே சுரண்டியை எடுத்துக்கொண்டு சறுக்குமேடைக்குப் போனாள். படகின் அடிப்பக்கம் முழுக்கக் கொட்டலசு. ஏழு மாத வெயிலில் செத்துக் காய்ந்து, வாய் பிளந்த சின்னச் சின்ன ஓடுகளாகக் குவிந்திருந்தன. தொட்டால் கையைக் கிழிக்கும். சுரண்டியைக் கொடுத்து நெம்பினால் பட்டாணி வறுபடுவதுபோலச் சத்தத்தோடு உதிர்ந்தன. தூசியில் அழுகின கடல் வாடை. மல்லாந்து படுத்துச் சுரண்டும்போது கண்ணிலும் வாயிலும் விழுந்தன. காற்று ஈரமில்லாமல், கடல் வெறும் தகடுபோலக் கிடந்தது. பகலுக்குள் ஒரு கை அகலம்தான் சுத்தமானது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்தது.

மூன்றாம் நாள் பத்து மணிவாக்கில் படகுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சுரண்டியின் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள். இடது கால் கொஞ்சம் இழுத்தபடி.

மத்தியானம் கடற்பாசித் தாளில் சுருட்டிய வெறுஞ்சோறும் முள்ளங்கிக் கிம்ச்சியும் பிரித்து நடுவில் வைத்தாள். கணவாய் வதக்கலைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். மான்சிக் சோற்றுச் சுருளை எடுத்து நெடுநேரம் மென்றான்.

"இப்படி மேலருந்து கீழ சுரண்டுனா நாள் பூரா ஆகும்" என்றான் கடைசியில். "பின்னாலருந்து முன்னால வரணும்."

"இந்த ரகசியத்தை முந்தாநாளே சொல்லியிருந்தா என் கை மிஞ்சியிருக்கும்."

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவன் உதடு ஒரு ஓரமாகக் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள், அடிப்பக்கத்தின் நடுவில் மான்சிக் சுரண்டிக்கொண்டிருந்தபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செதில் கொட்டலசோடு சேர்ந்து பெயர்ந்து அவன் மார்பில் விழுந்தது. எடுத்துத் திருப்பினான். உள்பக்கத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றோடு ஒன்று கலக்காமல், கறியில் கொழுப்பு ஓடுவதுபோல வரிவரியாகத் தெரிந்தன.

அவன் சுரண்டியைக் கீழே வைத்தான்.

"நான்தான்" என்றான். "நான் கலந்தேன்."

"கிண்டினது நான்."

"கிண்டச் சொன்னது நான்தான."

"உங்களுக்கு ஒண்ணு தெரியாது." யோன்சிம் அவன் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிவப்புத் தூசி. "அடிக்கிறதுக்கு முந்தின நாள் என்கிட்ட வந்து கேட்டான். பழைய டின் எங்கம்மான்னு. தூக்கிப் போட்டாச்சுன்னு சொன்னேன். ஜாடிக்குப் பின்னாலதான் இருந்துச்சு. திரும்பிப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டு அவனைத் திருப்பி விட்டேன்."

மான்சிக் செதிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்டயும் கேட்டான்."

"எப்போ?"

"அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால. கயிறு இழுக்கிற வின்ச்சுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தேன். உங்க அம்மா தூக்கிப் போட்டுட்டாடான்னு சொன்னேன்."

"அப்படியேவா சொன்னீங்க?"

"அப்படியே. நாம பேசி வச்சுக்கக்கூட இல்லை."

இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? இன்ஹோ நம்பினான். மறுநாள் ரோலரை எடுத்து அவனும்தான் அடித்தான், பாட்டுப் பாடிக்கொண்டே. "இந்த வருஷம் பெயிண்ட் நல்லாக் கெட்டியா இருக்குப்பா" என்றுகூடச் சொன்னான்.

யோன்சிம் அழவில்லை. மான்சிக்கும் அழவில்லை. தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன் அந்தச் செதிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுரண்டியை எடுத்தான். அவளும் எடுத்தாள்.

*

சாம்பல் பூச்சு ஏழாம் நாள். செம்பு முதல் கை எட்டாம் நாள். இரண்டாம் கை ஒன்பதாம் நாள் காலையில். பௌர்ணமி ஏற்றம் அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு என்று சுக்ஜாவின் புருஷன் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்த ஏற்றத்தில்தான் தண்ணீர் படகு வரை வரும். விட்டால் இன்னும் பதினைந்து நாள்.

மூன்று மணிக்கு முட்டு நிற்கும் இடங்கள் மட்டும் மிச்சம். பக்கத்துக்கு மூன்று முட்டு. ஒன்றைத் தட்டி எடுத்து ஒரு முழம் தள்ளி வைத்து, விட்ட இடத்தை அடிக்க வேண்டும். மான்சிக் மரச்சுத்தியலோடு பின்பக்கம் நின்றான். யோன்சிம் ரோலரோடு முன்பக்கம் படகின் வயிற்றுக்கு அடியில் இருந்தாள். முதல் நாலு முட்டும் ஒழுங்காக நடந்தன. இந்த வேலையில் ஒருவர் சொல்லாமல் மற்றவர் அசையக்கூடாது. முன்பெல்லாம் அவன், "இன்ஹோ அம்மா, தட்டுறேன்!" என்பான். அவள், "ம், தட்டுங்க!" என்பாள். இன்று அவன் சுத்தியலால் மரத்தில் இரண்டு தடவை தட்டிக் காட்டினான். அவள் ரோலரால் ஒரு தடவை தட்டினாள்.

ஐந்தாவது முட்டைத் தட்டியபோது கீழே கட்டை ஈரத்தில் வழுக்கியது. படகு முனகியது. முன்பக்கம் ஒரு விரல் கடை சாய்வதை மான்சிக் பார்த்தான். அதற்கு அடியில் அவள் மல்லாந்து கிடந்தாள். தலைக்குத் துணி கட்டியிருந்தாள். அந்த மாதத்து மாலைக் காற்று வேறு. சுத்தியல் சத்தம் அவளுக்கு வேலைச் சத்தமாகத்தான் பட்டிருக்கும்.

அவன் வாயைத் திறந்தான். மூச்சு வந்தது. சொல் வரவில்லை.

இன்னொரு விரல் கடை.

சுத்தியலைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடி, குனிந்து, அவள் ரப்பர் பூட்ஸ் இரண்டையும் பிடித்து இழுத்தான். அவள் முதுகு சிமெண்டில் உரசிக்கொண்டு வெளியே வந்தது. ரோலர் உள்ளேயே கிடந்தது. படகு 'டம்' என்று நடுக்கட்டையில் உட்கார்ந்து நின்றது. முன்பக்க இடைவெளியில் இப்போது ரோலரின் உருளை சப்பென்று நசுங்கியிருந்தது. அவள் முகம் இருந்த இடம்.

இருவரும் தரையிலேயே கிடந்தார்கள். சறுக்குமேடையின் கீழ் விளிம்பில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மான்சிக் அவள் பூட்ஸை விடவில்லை.

"இழுத்தீங்க" என்றாள் யோன்சிம், மூச்சு வாங்கியபடி. "கூப்பிடல."

"வரல."

"என்ன வரல?"

"வாய்ல... எதைச் சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியல." அவன் குரல் உடைந்தது. "ஒரு சத்தமாவது குடுத்திருக்கலாம். அதுவும் வரல. நான் கத்தினா யாரும் திரும்பி வர்றதில்லை."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முதுகு எரிந்தது. தலைத்துணியை அவிழ்த்து அவன் முகத்தில் வழிந்த செம்புச் சிவப்பைத் துடைத்துவிட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் பட்டப்பகலில், திறந்தவெளியில் அவன் முகத்தை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் சுக்ஜாவும் இரண்டு பெண்களும் வாளியோடு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "யுன்ஜி அம்மா, என்னாச்சு?" என்று சுக்ஜா பதறுவது கேட்டது.

யோன்சிம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, இத்தனை மாதமாகச் சோற்றோடும் சூப்போடும் விழுங்கிக்கொண்டே வந்ததைச் சொன்னாள்.

"என்னை இன்ஹோ அம்மான்னு கூப்பிடுங்க."